மேப்பிள் மரத்தடியில் ஆள் நிற்கட்டும்

அமெரிக்காவின் வடகிழக்கில், வெர்மான்ட் மாநிலத்தில், பாம்ஃப்ரெட் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை ஆயிரத்தைத் தொடாது. 2023-ஆம் ஆண்டு செப்டம்பர் 23 முதல் அக்டோபர் 15 வரை அந்த ஊரார் தங்கள் க்ளவுட்லேண்ட் சாலையை வெளியூர் வண்டிகளுக்கு அடைத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டும் அடைத்தார்கள். அந்தச் சாலையோரம் ஸ்லீப்பி ஹாலோ என்ற தனியார் பண்ணை இருக்கிறது. மலைச்சரிவில் ஒரு பழைய வீடு, வளைந்து இறங்கும் பாதை, பின்னால் சிவந்து நிற்கும் மேப்பிள் மரங்கள். சமூக ஊடகங்களில் அந்தக் காட்சி பரவியபின் இலையுதிர் காலம் பிறந்தாலே போதும், குறுகலான மண் சாலையில் கார்கள் அடைத்து நின்றன. ட்ரைபாடும் கையுமாக வந்தவர்களில் சிலர் வேலியைத் தாண்டி உள்ளேயும் போனார்கள். ஊரார் கோபப்பட்டதில் நியாயம் இருக்கிறது. எனக்கு உறுத்துவது இன்னொன்றும் உண்டு. இப்படி வருகிறவர்களில் பலர் மனைவி மக்களோடும் நண்பர்களோடும் பல மணி நேரம் காரோட்டி வருகிறார்கள். வந்திறங்கியதும் கூட வந்தவர்களைக் கேமராவின் பார்வையிலிருந்து விலகி நிற்கச் சொல்லிவிட்டு, ஏற்கெனவே ஆயிரம் பேர் எடுத்த அதே வீட்டை, அதே கோணத்தில் எடுத்துத் திரும்புகிறார்கள். பொழுதுபோக்காகப் படமெடுக்கும் ஒருவர் குடும்பத்தோடு போகும் இலையுதிர் காலப் பயணத்தில், கூட வந்தவர்கள்தான் படத்தின் பொருள். மலையும் மரமும் அவர்களுக்குப் பின்னணி. இதைப் பாசத்தின் பேரில் மட்டும் சொல்லவில்லை. படக்கலையின் நோக்கிலும் இதற்குக் காரணங்கள் உண்டு.

முதலில் அந்த நிறம் எப்படி வருகிறது என்று பார்ப்போம். தமிழ்நாட்டின் காட்டு மரங்கள் இலையுதிர்ப்பது பெரும்பாலும் வறட்சியைத் தாக்குப்பிடிக்க. வெர்மான்ட் அடங்கிய நியூ இங்கிலாந்து பகுதியில் வரப்போகும் கடுங்குளிருக்காக மரம் இலையைக் கைவிடுகிறது. பகற்பொழுது குறுகக் குறுக, இலைக்குப் பச்சை தரும் குளோரோபில் சிதைகிறது. மரம் அதைப் புதிதாக உண்டாக்குவதில்லை. கோடை முழுவதும் பச்சைக்கு அடியில் மறைந்திருந்த கரோட்டினாய்டுகளின் மஞ்சள் அப்போது வெளியே தெரிகிறது. சிவப்பின் கதை வேறு. இலைக்காம்பின் அடியில் ஓர் அடைப்பு வளர்ந்து, இலையில் சர்க்கரை தேங்கும்போது ஆந்தோசயனின் என்ற நிறமி புதிதாக உருவாகிறது. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறைபனி விழாத குளிரும் தொடர்ந்தால் சிவப்பு கொழுந்துவிட்டு எரியும். வடக்கிலும் உயர்ந்த மலைகளிலும் செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கும் இந்த நிறமாற்றம் அக்டோபர் நடுவில் தெற்குப் பள்ளத்தாக்குகளுக்கு இறங்கிவிடும். ஓரிடத்தில் அது உச்சத்தில் இருப்பது ஒரு வாரம், மிஞ்சினால் சற்றுக் கூடுதல். அக்டோபர் இரண்டாம் திங்கட்கிழமை விடுமுறையும் அந்த நாட்களில் வருவதால் கூட்டம் ஒரே சமயத்தில் குவிகிறது. என் வாதத்துக்கு வேண்டிய செய்தி இந்த வேதியியலிலேயே இருக்கிறது. மழையும் குளிரும் முன்பின் ஆனால் நிறம் கொஞ்சம் மங்கலாம், சில நாள் தள்ளிப்போகலாம். மற்றபடி அதே மரம் அதே நிறத்துக்கு ஆண்டுதோறும் திரும்புகிறது. 1990-இல் எடுத்த மேப்பிள் மரப் படத்தையும் 2020-இல் எடுத்ததையும் அருகருகே வைத்தால் எது எந்த ஆண்டு என்று காட்சியை வைத்துச் சொல்ல முடியாது. மரத்தடியில் ஒரு சிறுமி நின்றிருந்தால் சொல்லிவிடலாம். அவள் உயரம் சொல்லும், போட்டிருக்கும் சட்டை சொல்லும், கைபிடித்து நிற்கும் தாத்தாவின் தலைமுடி சொல்லும்.

சாதாரண மக்கள் வண்ணப்படம் எடுக்கத் தொடங்கிய காலத்திலேயே படத்தில் மனிதர் வேண்டும் என்பது தெரிந்திருந்தது. ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1900-இல் ஒரு டாலருக்குப் பிரவுனி கேமராவை விற்றபோது, படமெடுப்பது வீட்டுக்கு வீடு நடக்கும் காரியமாயிற்று. ஆனால் இலையுதிர் காலம் அந்தப் படங்களில் வெறும் சாம்பல் நிறம்தான். லூமியேர் சகோதரர்கள் 1907-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோக்ரோம் கண்ணாடித் தகடுகளில் வண்ணம் வந்தது. ஆனால் ஒளி போதாமல் மனிதர்கள் அசையாமல் நிற்கவேண்டியிருந்தது, ஓடியாடும் பிள்ளைகளை அதில் பிடிக்க முடியாது. 1935-இல் சினிமாச் சுருளாக வந்த கோடக்ரோம், அடுத்த ஆண்டே 35 மில்லிமீட்டர் கேமராக்களுக்கும் கிடைத்தது. அதன் பிறகுதான் மேப்பிளின் சிவப்பும் அம்மாவின் கம்பளிச் சட்டையும் ஒரே ஸ்லைடில் விழுந்தன. நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் 1950 முதல் 1990 வரை கோடக் ‘கலராமா’ என்ற மாபெரும் வண்ணப்படத்தைப் பின்னிருந்து விளக்கேற்றிக் காட்டிவந்தது. 18 அடி உயரம், 60 அடி அகலம். விளம்பரம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனாலும் அந்தப் படங்களில் பலவற்றை உற்றுப் பாருங்கள்: பெரிய மலை, ஏரி, வயல் எதுவானாலும் ஓரத்தில் ஒரு குடும்பம் இருக்கும், அவர்களில் ஒருவர் மற்றவர்களைப் படமெடுத்துக்கொண்டிருப்பார். வெறும் மலையைவிட மலைமுன் நிற்கும் மனிதரைப் பார்த்தால்தான் சாதாரண ஆள் நின்று கவனிப்பார் என்று அந்த நிறுவனம் கணித்திருக்க வேண்டும். பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூவும் சகாக்களும் 1965-இல் வெளியிட்ட ஆய்வும் இதையொட்டியே பேசுகிறது: பெரும்பாலான வீடுகளில் கேமரா குடும்பத்தை ஒன்றாகக் கட்டிவைக்கும் கருவி, குழந்தை உள்ள வீடுகளில் அது அதிகம் காணப்படும்.

என் வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆளில்லாத இயற்கைக் காட்சி தனியொரு கலை. அதில் மாமாவையும் அத்தையையும் நிறுத்தினால் கெட்டுவிடாதா? எலியட் போர்ட்டர் மருத்துவம் படித்தவர். ஹார்வர்டில் உயிர்வேதியியல் கற்பித்துவந்த வேலையை விட்டுவிட்டுப் புகைப்படத்துக்கு வந்தார். 1962-இல் சியரா கிளப் வெளியிட்ட அவருடைய வண்ணப்படத் தொகுப்பில் நியூ இங்கிலாந்தின் இலைகளும் பாசியும் ஓடைநீரும் இருக்கின்றன, மனிதர்கள் இல்லை. அமெரிக்காவில் இயற்கைப் பாதுகாப்பு உணர்வு வளர அந்தப் புத்தகம் பெரிதும் துணைநின்றது. அந்தக் கலையை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் போர்ட்டர் ஓர் இலைக்காகப் பல நாள் காத்திருக்கக்கூடியவர். சனிக்கிழமை போய் ஞாயிறு திரும்புகிறவருக்கு அந்த வசதி இல்லை. இரண்டாவது பதில் எனக்கு இன்னும் முக்கியம். ஆளில்லா இயற்கை என்று நாம் நினைக்கும் அந்தக் காடே மனிதர் கைபட்டது. 1840 வாக்கில் வெர்மான்டில் மக்கள் 3 லட்சம் பேர்கூட இல்லை. செம்மறியாடுகள் 16 லட்சத்துக்கு மேல். கம்பளிக்காக மலைகளை மொட்டையடித்து மேய்ச்சல் நிலமாக்கினார்கள். வியாபாரம் நொடித்து, குடியானவர்கள் மேற்கே போனபின் காடு தானே திரும்ப வளர்ந்தது. இன்று மாநிலத்தின் முக்கால் பங்கு காடு. அந்தக் காட்டுக்குள் நடந்தால் மரங்களுக்கு நடுவே கற்சுவர்கள் ஓடுவது தெரியும். அவை பழைய பண்ணைகளின் வரப்புச் சுவர்கள். பாம்ஃப்ரெட்டுக்கு அடுத்த ஊரான வுட்ஸ்டாக்கில் 1801-இல் பிறந்த ஜார்ஜ் பெர்கின்ஸ் மார்ஷ், மரம் வெட்டி மலை சீரழிந்ததைச் சிறுவயதிலேயே பார்த்தவர். மனிதன் இயற்கையை எவ்வளவு ஆழமாக மாற்றிவிடுகிறான் என்று விளக்கி 1864-இல் அவர் எழுதிய நூல் சூழலியல் சிந்தனைக்கு அடித்தளங்களில் ஒன்று. அப்படிப்பட்ட மண்ணில் மனிதர் நிற்பதால் படத்தின் தூய்மை போய்விடும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொழில்நுட்பமும் மனிதர் பக்கமே நிற்கிறது. நன்கு வளர்ந்த சர்க்கரை மேப்பிள் 25 மீட்டருக்கு மேல் உயரும். அருகில் ஆளில்லாமல் எடுத்தால் அது புதரா மரமா என்ற அளவே புரியாது. விடியற்கால ஒளிக்காகக் குழந்தைகளை நாலு மணிக்கு எழுப்ப வேண்டுமே என்று தயங்குகிறவர்களுக்கு ஒரு நல்ல செய்தி: இலை நிறத்துக்கு ஏற்றது மேகமூட்டமான பகல். வானம் முழுவதும் ஒரே விளக்காகிப் பரவலான ஒளி தரும். இலையின் நிறம் திடமாகத் தெரியும், முகத்தில் கண்ணுக்கடியில் கருநிழல் விழாது. மழை நின்ற மதியம் இன்னும் நல்லது. ஈர இலையின் மெழுகுப் பரப்பில் வானம் பளபளப்பதை போலரைசர் ஃபில்டரைத் திருகிக் குறைக்கலாம். அகலக்கோண லென்ஸில் கிட்ட நின்று எடுத்தால் மலை சுருங்கி எங்கோ போய்விடும். பத்துப் பதினைந்து அடி பின்வாங்கி நீளமான லென்ஸில் எடுத்தால் ஆளின் அளவு மாறாமல் பின்னாலுள்ள சிவந்த மலை எழுந்து வரும். சிவப்பும் ஆரஞ்சும் சென்சாரில் சீக்கிரம் வெளுத்து விவரம் இழப்பவை. எக்ஸ்போஷரைக் கொஞ்சம் குறைத்து வைப்பது பாதுகாப்பு. ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் இலைகளின் பொன்னிறத்தைப் பிழை என்று எண்ணிக் கேமரா திருத்திவிடும். அதனால் பகலொளி அல்லது மேகமூட்டம் என்று குறிப்பிட்டு வையுங்கள்.

கேமரா கையில் இருந்தால் குடும்பத்தோடு இருப்பதே கெட்டுவிடும் என்பது இன்னொரு மறுப்பு. இதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழக உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் படமெடுத்த பொருட்களை மாணவர்கள் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தபோது அந்தக் குறை காணப்படவில்லை; கவனித்து எடுத்தவர்களுக்கு மறதி வரவில்லை. கிறிஸ்டின் டீல் முதலானோர் 2016-இல் பேருந்துச் சுற்றுலா உள்ளிட்ட பல சூழல்களில் சோதித்து, படமெடுப்பது பொதுவாக அனுபவத்தில் ஈடுபாட்டையும் மகிழ்ச்சியையும் கூட்டுகிறது என்று கண்டார்கள். அதே குழுவினர் 2017-இல் கண்டது நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம்: படமெடுத்தவர்கள் பார்த்ததை நன்றாக நினைவில் வைத்தார்கள், கேட்டதைக் குறைவாகவே நினைவில் வைத்தார்கள். பிறரிடம் பகிர்வதற்கென்றே எடுக்கும்போது மகிழ்ச்சி குறைகிறது என்றும் அவர்கள் பின்னர் காட்டினார்கள். ஆக, மறுப்பில் பாதி உண்மை இருக்கிறது. கேமரா கண்ணைக் கூர்மையாக்கி, காதை மூடுகிறது. லைக்குகளுக்காக எடுத்தால் மகிழ்ச்சியையும் கெடுக்கிறது. ஆளில்லாப் பண்ணைக்காக வேலியோரம் ஒரு மணி நேரம் காத்திருப்பவர் பிள்ளைகள் பேசியது எதையும் கேட்டிருக்கமாட்டார். பிள்ளைகளையே எடுக்கிறவர் அவர்களோடு பேசித்தான் ஆகவேண்டும். சிரிக்கவைக்கவும், வெளிச்சத்துக்குத் திருப்பவும், தோட்டத்தில் ஆப்பிள் பறிக்கும்போது கிளையை விலக்கிப் பிடிக்கச் சொல்லவும்.

வரிசையில் நிறுத்தி எல்லோரையும் கேமராவைப் பார்க்கச் சொல்லும் படத்தை நான் பரிந்துரைக்கவில்லை. ஒன்றிரண்டு அப்படியும் வேண்டும். மற்றவை அவரவர் போக்கில் இருக்கட்டும். படத்தில் வர மனமில்லாதவரை விட்டுவிடுவதும், அடுத்தவர் பிள்ளையின் படத்தைக் கேட்காமல் பொதுவில் போடாமல் இருப்பதும் அடிப்படை மரியாதை. பாஸ்டனிலும் நியூ ஜெர்சியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பத்தினர் அக்டோபரில் இந்த மலைகளுக்குப் போகிறார்கள். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரையும் அழைத்துப் போகிறார்கள். ஆறு மாதம் தங்க வந்த அம்மாவுக்கு அந்த மரங்களை மறுபடி பார்க்க வாய்க்காமல் போகலாம். எந்த நெடுஞ்சாலையோரத்து மேப்பிளும் இதற்குப் போதும். பெயர்பெற்ற பண்ணை வேண்டியதில்லை. கேமராவைச் சிறிது நேரம் வேறொருவர் கையில் கொடுத்து நீங்களும் அவர்கள் நடுவில் போய் நில்லுங்கள். வீடு திரும்பியதும் நல்ல படங்கள் பத்தை அச்செடுத்து, பின்பக்கத்தில் யார் யார் என்று பெயர்களை எழுதுங்கள். எடுத்த தேதியைக் கேமரா கோப்பிலேயே பதித்துவிடும், பெயர்களை நாம்தான் எழுதவேண்டும்.