அடுப்பு நம்முடையது, குறிப்பு வைரஸுடையது

2006இல் இந்தியாவின் பல மாநிலங்களை முடக்கிப்போட்ட சிக்குன்குனியா, கேரளத்தில் அந்த ஆண்டு ஆலப்புழை போன்ற கரையோரப் பகுதிகளைத்தான் அதிகம் வாட்டியது. 2007 மழைக்காலத்தில் அது கிழக்கே திரும்பியது. கோட்டயம், பத்தனம்திட்டை, இடுக்கி என்று ரப்பரும் மலைத்தோட்டமுமான மாவட்டங்களில் வீடு வீடாக ஆட்கள் படுத்தார்கள். ஊரில் கொசு புதிதாக வரவில்லை. மாறியது வைரஸ்தான், அதுவும் ஒரே ஒரு எழுத்து. அந்த ஒரு எழுத்து என்ன செய்தது என்று புரிய, உள்ளே போய்ப் பார்க்க வேண்டும்.

முதலில், வைரஸ் என்றால் என்ன? உடம்பின் ஒவ்வொரு செல்லையும் ஒரு சமையலறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுப்பு இருக்கிறது, விறகு இருக்கிறது, அரிசி பருப்பு இருக்கிறது. குறிப்பெழுதிய சீட்டைக் கொடுத்தால் அப்படியே சமைத்துத் தருகிற சமையல்காரரும் இருக்கிறார். அவர் பெயர் ரைபோசோம். நல்ல உழைப்பாளி. ஒரே குறை, சீட்டை யார் கொடுத்தது என்று கேட்க மாட்டார்.

வைரஸ் என்பது அப்படியொரு சீட்டும் அதைச் சுற்றிய உறையும்தான். அதற்கு அடுப்பு கிடையாது. சேற்றுப்புண்ணை உண்டாக்கும் பூஞ்சைக்குச் சொந்த அடுப்பு உண்டு. தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்துக் குடலுக்குப் போய் ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழுவுக்கும் உண்டு. எனவே அவற்றின் அடுப்பை மட்டும் அணைக்கிற களிம்போ மாத்திரையோ தேடிக் கண்டுபிடிக்க முடிந்தது. வைரஸ் சமைப்பது நம் அடுப்பில். அதை அணைத்தால் நாமும் பட்டினி. சிக்குன்குனியாவுக்கென்று தனி மருந்து இன்னும் இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம். பாராசிட்டமால், ஓய்வு, நிறையத் தண்ணீர், அவ்வளவுதான் சிகிச்சை. டெங்கு இல்லை என்று பரிசோதனையில் தெரியும்வரை ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கி விழுங்கக் கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டிவிடும்.

இப்போது படிப்படியாகப் பார்ப்போம். பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசு தோலில் ஊசியை இறக்குகிறது. எச்சிலோடு வைரஸும் உள்ளே போகிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் சுமார் 14,000 வைரஸ்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சின்னது. உறையின் மேல் முள் முள்ளாகப் புரதங்கள் நிற்கும். அதில் ஈ2 என்பது சமையலறைக் கதவைப் பிடித்துக்கொள்ளும். ஏதோ சரக்கு வந்திருக்கிறது என்று செல் அதை ஒரு சின்னப் பைக்குள் போட்டு உள்ளே இழுக்கும்.

உள்ளே வரும் எந்தச் சரக்கையும் செல் புளிப்பேற்றித்தான் பதப்படுத்தும். புளி ஊற்றியதும் பால் திரிவதுபோல, அந்தப் புளிப்பு பட்டதும் ஈ1 என்ற இன்னொரு முள் வடிவம் மாறி, வைரஸின் உறையைப் பையின் சுவரோடு ஒட்டித் திறந்துவிடுகிறது. சீட்டு சமையலறைக்குள் விழுகிறது. காவலுக்கு வைத்த புளிப்பே சாவியாகிவிட்டது என்பதுதான் இதில் என்னை அசத்துகிற இடம். ஈ1 என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சமையல்காரர் சீட்டை எடுத்துப் படிக்கிறார். மொத்தம் சுமார் 11,800 எழுத்து. முதல் பாதிக்கு மேலாக இருப்பது சாப்பாட்டுக் குறிப்பே இல்லை. சீட்டை நகலெடுக்க நான்கு எடுபிடிகளைத் தயார் செய்யும் குறிப்பு. அவர்கள் வந்ததும் நகல்கள் குவிகின்றன. பிறகு மீதிக் குறிப்பின்படி உறைச் சாமான்கள் தயாராகின்றன. கடைசியில் ஒவ்வொரு நகலும் செல்லின் வெளிச்சவ்வைக் கொஞ்சம் உரித்துப் போர்த்திக்கொண்டு வெளியேறுகிறது. இதற்கிடையில் வீட்டுச் சமையல் நின்றுபோய், அந்தச் செல் செத்துவிடுகிறது.

பக்கத்துச் செல்களும் உடம்பின் காவல் படையும் கூச்சல் போட, காய்ச்சல் கொளுத்துகிறது. இந்த வைரஸ் அதிகம் நுழைவது மூட்டையும் தசையையும் சுற்றியுள்ள செல்களில். எனவே சண்டையும் வீக்கமும் அங்கேதான், மணிக்கட்டிலும் விரலிலும் கணுக்காலிலும். காய்ச்சல் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். மூட்டுவலி சிலருக்கு மாதக்கணக்கில் நிற்கும். ஏலச்செடியில் காய் பிடிப்பது அடித்தூரில், தரையோடு கிடக்கும் சரத்தில். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் மலையேறிப் போய் நாளெல்லாம் குனிந்து விரலால் காய் எடுப்பவருக்கு, விரலும் கணுக்காலும் மடங்காது என்றால் கூலியும் இல்லை.

இனி கொசுவின் கதைக்கு வருவோம். நோயாளியின் ரத்தத்தைக் குடித்தவுடன் கொசு நோயைப் பரப்பிவிடாது. அதன் குடல் சுவரிலும் சமையலறைகள் உண்டு. வைரஸ் அங்கே நுழைந்து, சமைத்து, பெருகி, எச்சில் சுரப்பிவரை போய்ச் சேர வேண்டும். அந்தக் கதவு திறக்கவில்லை என்றால் குடித்த ரத்தத்தோடு அதுவும் செரித்துப்போகும்.

இரண்டு ஏடிஸ் கொசுக்கள் நமக்கு முக்கியம். ஏடிஸ் எஜிப்டி வீட்டோடு வாழ்வது. பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி பக்கம் தண்ணீர்த் தட்டுப்பாடு உண்டு; டிரம்மிலும் தொட்டியிலும் பிடித்து வைக்காமல் பிழைப்பு ஓடாது. எஜிப்டிக்குப் பிடித்த இடம் அந்த மாதிரித் தொட்டிதான். ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற புலிக்கொசுவோ மர நிழலை விரும்புவது. இடுக்கியின் மலையடிவாரங்களில் ரப்பர் பால் பிடிக்கும் சிரட்டை, அணில் கடித்துக் குடைந்த கொக்கோ காய், விழுந்து கிடக்கும் பாக்கு மட்டை, இதில் தேங்கும் ஒரு கை மழைநீர் அதற்குப் போதும். பழைய வைரஸுக்கு எஜிப்டியின் குடல் எளிது. புலிக்கொசுவின் கதவு அவ்வளவு லேசில் திறக்காது.

இங்கேதான் அந்த ஒரு எழுத்து வருகிறது. நகலெடுக்கும் எடுபிடி அவசரக்காரன், எழுதியதைச் சரிபார்க்க மாட்டான். பிழைகளில் பெரும்பாலானவை குப்பைக்குப் போகும். ஒரு பிழை மட்டும் ஈ1க்கான குறிப்பில் விழுந்தது. சி இருந்த இடத்தில் யூ. அதனால் ஈ1 புரதத்தின் 226ஆவது இடத்தில் அலனினுக்குப் பதில் வேலின் என்ற அமினோ அமிலம் வந்து உட்கார்ந்தது. புலிக்கொசுவின் குடலைப் பிடிக்க முன்பு தேவைப்பட்டதில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு வைரஸே இப்போது போதும் என்று ஆய்வகச் சோதனைகள் காட்டின.

புலிக்கொசு நிறைந்த ரீயூனியன் தீவில் 2005-06இல் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் நோயில் விழுந்தபோது இந்த மாற்றம்தான் முதலில் கண்ணில் பட்டது. 2007 கேரள வைரஸிலும் அதே மாற்றம் இருப்பதைப் புதுச்சேரி நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தினர் 2008இல் எழுதினார்கள். தீவிலிருந்து யாரோ சுமந்து வந்ததல்ல அது. இந்தியாவில் சுற்றிய வைரஸிலேயே தனியாக விழுந்த பிழை. பிழைகள் எந்நேரமும் விழுந்துகொண்டேதான் இருக்கின்றன. ரப்பர் காட்டில் புலிக்கொசு மிகுந்திருந்ததால் இந்தப் பிழை விலைபோனது.

எனவே கைவைக்க வேண்டிய இடம் சிரட்டை. ஆனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டையிடுவது நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, சுவரில் ஒட்டவைத்து. காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த மழை நனைத்ததும் பொரிக்கும். முட்டையிலிருந்து கொசுவாகச் சுமார் ஒரு வாரம், பத்து நாள். ஆகவே வாரம் ஒருமுறை உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும்; வீட்டு டிரம்முக்கும் அதே கணக்குதான். பால் வெட்டாத நாட்களில் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கலாம். வெட்டாமல் கைவிட்ட மரங்களில் சும்மா தொங்குபவற்றைக் கழற்றியே எடுத்துவிடலாம்.