சிறு மடிக்கணினி யாருக்கு ஏற்றது?

குறைந்த விலையுள்ள சிறு மடிக்கணினிகள் இப்பொழுது எங்கும் எளிதில் கிடைக்கின்றன. விலையொன்றையே கருதி வாங்கிவிட்டுப் பின்னர் வருந்துதல் கூடாது. இளகிய மணற்காட்டை உழுவதற்கும் இறுகிய கரிசலை உழுவதற்கும் ஒரே ஜோடி மாடு பொருந்தாதென்பதை விவசாயிகள் நன்கறிவார்கள். கணினியும் அத்தகையதே. வேலையை முதலில் நிச்சயித்துக்கொண்டு, அதன் பிறகே கருவியைத் தேட வேண்டும்.

இவ்வகைக் கருவி புதியதன்று. 2007-ஆம் ஆண்டில் தைவான் நாட்டு ஏசுஸ் கம்பெனியார் ‘ஈ பிசி’ என்னும் சிறு கணினியை வெளியிட்டனர். அதன் திரை 7 அங்குலம். எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. கடிதமெழுதவும் இணையம் பார்க்கவும் அது போதுமானதாயிருந்தது. பெரிய கணினியின் வேலையை அதனிடம் எதிர்பார்த்தவர்களோ ஏமாற்றமடைந்தனர். இன்றைய மலிவுக் கணினிகளுக்கும் இந்த அனுபவம் பொருந்தும்.

கணினி அவசியந்தானா?

பட்டா, சிட்டா விவரங்களைப் பார்ப்பதும், 2018-இல் தமிழக அரசு வெளியிட்ட உழவன் செயலியின் மூலம் விலை நிலவரமும் வானிலையும் அறிவதும் கைபேசியிலேயே கூடும். இவற்றுக்காக மட்டும் கணினி வாங்குதல் வீண் செலவாகும். சாகுபடிச் செலவும் வரவும் ஒழுங்காகப் பதிபவர்களுக்கும், நீண்ட மனுக்களையும் ஜாபிதாக்களையும் தயாரிக்கும் கிராம அதிகாரிகளுக்கும் விசைப்பலகை பெரிதும் அனுகூலமானது.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

1. விண்டோஸ் 11 இயங்குவதற்கு 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் குறைந்தபட்சம் வேண்டும். இவ்வளவே உள்ள கணினி, நாற்றங்காலுக்கு மட்டும் நீர் சுரக்கும் கிணற்றை ஒக்கும். மலிவான கணினிகள் பலவற்றில் இவ்விரண்டும் உட்பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருப்பதால், பின்னர் அதிகப்படுத்த இயலாது. ஆகவே, 8 ஜிகாபைட் நினைவகமும் 128 ஜிகாபைட் சேமிப்பிடமும் உள்ளதை வாங்குவதே நலம்.

2. குரோம்புக் என்னும் வகை, குறைந்த நினைவகத்திலும் விரைந்து இயங்கும். ஆயினும் அது பெரும்பாலும் இணையத்தையே நம்பியிருப்பது. விண்டோஸுக்கென எழுதப்பட்ட கணக்கு மென்பொருள்கள் அதில் நேராக இயங்கமாட்டா. மின்கையொப்பச் சாவியை உபயோகிப்போர் கடையிலேயே சோதித்துப் பார்த்தல் வேண்டும்.

3. பழைய கணினி மலிவாகக் கிடைப்பினும் எச்சரிக்கை தேவை. விண்டோஸ் 10-க்குரிய வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நின்றுவிட்டன. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கணினியில் பணம் சம்பந்தமான காரியங்களைச் செய்வது உசிதமன்று.

4. பல கட்டங்களுள்ள கணக்கேட்டை 11 அங்குலத் திரையில் பார்ப்பது கண்ணுக்குச் சிரமம் தரும். கடையில் ஒரு பக்கமேனும் தட்டச்சு செய்து பார்க்கவும்.

5. விசிறியில்லாத சிறு கணினியினுள் களத்துப் புழுதி அதிகமாகச் செல்லாது. இஃது ஓர் அனுகூலம். ஆனால், 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வரையிலேயே உபயோகிக்கும்படி உற்பத்தியாளர் பலர் கூறுகின்றனர். கோடை நண்பகலில் கூரைத் தகரத்தின் கீழ் வைத்து வேலை செய்தலாகாது.

முடிவாக, ஒரு மாத காலம் தாங்கள் செய்யும் எழுத்து வேலைகளை ஒரு தாளில் குறித்து வரவும். அவற்றுள் கைபேசியால் இயலாதவை எவையென அடையாளமிடவும். அவை கடிதமும் எளிய கணக்குமாயின் சிறு கணினியே போதும். அவை மிகுதியாயும் நாள்தோறும் செய்ய வேண்டியனவாயும் இருப்பின், சற்று அதிகம் செலவிட்டுப் பெரிய கணினி வாங்குதலே சிக்கனமாகும். அடையாளமிட ஒன்றுமில்லையாயின், அப்பணத்தை விதைக்கும் உரத்துக்கும் செலவிடலாம்.