ஓக்லண்ட் ஹில்ஸ் மைதானமும் அதன் மணற்குழிகளும்

பெரும்பாலான பந்தாட்டங்களுக்குக் களத்தின் அளவு விதியிலேயே வகுக்கப்பட்டிருக்கின்றது. கிரிக்கெற்றில் விக்கெற்றுகளுக்கு இடைப்பட்ட 22 யார் தூரம் மெல்பேணிலும் ஒன்றுதான், கொழும்பிலும் ஒன்றுதான். கோல்ப் விளையாட்டு அவ்வாறன்று. குழியின் வாய் நாலேகால் அங்குலம் என்பது விதி. அக்குழிக்குச் செல்லும் வழியோ களத்தை வகுத்தவரின் சித்தம். ஆதலாற் பெரும் போட்டியொன்று வருமுன், ஆட்டக்காரர் பயிற்சி செய்வதுபோல, மைதானமும் வெட்டியும் நிரப்பியும் புதுக்கப்படுவதுண்டு. அத்தகைய மாற்றங்களுள் இன்றுவரை பேசப்படுவது, 1951ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்கப் பகிரங்கப் போட்டிக்காக ஓக்லண்ட் ஹில்ஸ் மைதானத்திலே செய்யப்பட்டதாகும்.

மோட்டார் வண்டித் தொழிலுக்குப் பேர்போன டெற்றோயிற் நகருக்கு அண்மையில், மிச்சிகன் மாநிலத்தில் இருக்கின்றது அம்மைதானம். ஸ்கொத்லாந்திற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய டொனால்ட் றொஸ் அதனை வகுத்தார். 1918இல் அது திறக்கப்பட்டது. மேடும் பள்ளமுமான நிலத்தை அது கிடந்தபடியே பயன்படுத்துவதில் றொஸ் வல்லவர். பந்தடித்துச் செல்லும் புற்பாதை அவருடைய களத்தில் அகன்றிருக்கும். குழியைச் சூழ்ந்த புற்றரையோ, 'கிறீன்' எனப்படுவது, பல திசைகளிலுஞ் சரிந்திருக்கும். பாதையின் எந்தப் பக்கத்தில் நின்று அடுத்த அடியை அடிக்கின்றோம் என்பதைப் பொறுத்தே பந்து குழியருகே நிற்பதும் விலகி ஓடுவதும் அமையும். அகலத்தைக் கொடுத்துவிட்டு, அதனுள் நல்ல இடத்தைத் தேடிக்கொள்ளும் பொறுப்பை ஆடுபவனிடம் விட்டவர் அவர்.

காலம் மாறிற்று. ஹிக்கறி மரத்தாலான கோல் போய் உருக்குக் கோல் வந்தது, பந்தும் திருந்திற்று. 1937இல் இதே மைதானத்தில் றால்ப் கல்டால் நான்கு சுற்றுக்களையும் 281 அடிகளில் முடித்து, அப்போட்டியில் அதுவரை இருந்த சாதனையை முறியடித்தார். றொஸ் அமைத்த மணற்குழிகளுக்கு மேலாகத் தேர்ந்தவர்களின் பந்து பறந்து சென்றது. அவற்றிலே போய் விழுந்தது ஓய்வு நாளில் ஆட வரும் சாதாரண அங்கத்தவரின் பந்தே. வல்லவனைத் தப்பவிட்டு எளியவனைப் பிடிக்கும் பொறியாக அவை மாறியிருந்தன.

றொஸ் 1948இற் காலமானார். 1951ஆம் ஆண்டுப் போட்டிக்காகக் களத்தைத் திருத்தும் பணி றொபேட் ட்ரென்ட் ஜோன்சிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பழைய மணற்குழிகள் பலவற்றைத் தூர்த்தார். வல்லவர்களின் முதலடி எங்கே விழுகின்றதோ அங்கே, ஏறக்குறைய 230 முதல் 260 யார் வரையான தூரத்தில், பாதையின் இருமருங்கிலும் புதியனவற்றைத் தோண்டினார். அவ்விடத்திற் பாதை உடுக்கின் இடைபோல ஒடுங்கிற்று. கிறீன்களைச் சுற்றியும் மணல் நெருங்கிற்று. இவ்வளவுக்கும் மைதானத்தின் நீளம் கூட்டப்படவில்லை. 1937இல் 7,037 யாராக இருந்தது, 6,927 யாராகக் குறைந்திருந்தது!

மற்றொரு மாற்றத்திற்கு மண்வெட்டியே தேவைப்படவில்லை. தேர்ந்த ஆட்டக்காரர் ஒரு சுற்றை இத்தனை அடிகளில் முடிக்கவேண்டும் என்று குறிக்கும் எண்ணை 'பார்' என்பர். ஐந்தடிக்குரியனவாய் இருந்த இரண்டு குழிகளை நான்கடிக்குரியன என்று எழுதியதும், 72 ஆயிருந்த அவ்வெண் 70 ஆயிற்று. காகிதத்திற் செய்த இம்மாற்றத்தால் ஒருவருக்கும் ஓர் அடியேனும் கூடவில்லை. ஆயினும் எண்ணைப் பார்த்து மனங்கலங்குபவர் உண்டன்றோ?

போட்டிக்கு வந்தவர்களுள் முதல்வர் பென் ஹோகன். 1949இல் அவர் சென்ற கார் பஸ்ஸொன்றுடன் மோதி எலும்புகள் முறிந்து கிடந்தவர், மறு ஆண்டே பகிரங்கப் போட்டியை வென்றிருந்தார். ஓக்லண்ட் ஹில்சில் அவர் முதற் சுற்றுக்கு 76 அடிகள் எடுத்தார், பின்பு 73, அடுத்து 71. இறுதிச் சுற்றில் 67. மொத்தம் 287, அதாவது பாருக்கு மேல் ஏழு. அத்தொகையே வெற்றிக்குப் போதியதாயிருந்தது. போட்டி முழுவதிலும் 70இற்குக் குறைவாக முடிந்த சுற்றுக்கள் இரண்டே: ஒன்று ஹோகனுடைய 67, மற்றையது, இரண்டாம் இடம்பெற்ற கிளேற்றன் ஹெவ்னரின் 69. இந்த அரக்கனை மண்டியிட வைத்தேன் என்ற கருத்துப்பட ஹோகன் பேசினார். அன்று தொட்டு 'அரக்கன்' என்பது அம்மைதானத்தின் மறுபெயராயிற்று. தாம் வகுக்கும் களங்களில் ஆடியே ஜோன்ஸ் பிழைக்க வேண்டுமாயிருந்தால் இலவச உணவுக்கு வரிசையில் நிற்பார் என்று அவருடைய மனைவியாரிடமே ஹோகன் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு.

ஜோன்ஸ் இத்தகைய முறைப்பாடுகளுக்கு அஞ்சுபவரல்லர். 1954ஆம் ஆண்டுப் போட்டிக்காக நியூ ஜேர்சியிலுள்ள போல்ற்றஸ்றோல் மைதானத்தின் நான்காங் குழியை அவர் திருத்தியபோது, அது மிகக் கடினம் என்று அங்கத்தவர் குறைகூறினர். அவர்கள் முன்னிலையில் அவர் ஒரே அடியிற் பந்தைக் குழியில் விழுத்தி, பார்த்தீர்களா, இதில் அநீதி ஒன்றுமில்லையே என்றாராம். எனினும், ஒருமுறை விழுந்த பந்து எதனையும் நிரூபிப்பதில்லை.

ஜோன்ஸ் கண்ட நோய் உண்மையானது என்பதை மறுக்க முடியாது. கோலும் பந்தும் மாற, மணற்குழி மட்டும் நின்ற இடத்தில் நிற்பது பொருந்தாது. ஆனால் அவர் கொடுத்த மருந்தைப் பற்றி இரண்டு கருத்து உண்டு. ஒரு பக்கத்தில் மட்டும் மணலை வைத்தால், அதனை ஒட்டித் துணிந்து அடிப்பவனுக்கு அடுத்த அடி எளிதாகும். அஞ்சி விலகுபவனுக்கு அரிதாகும். இருபக்கமும் அடைத்துவிட்டாலோ, துணிந்தவனும் அஞ்சியவனும் அதே ஒடுங்கிய வழியாலேதான் செல்லவேண்டும். கைத்திறன் சோதிக்கப்படுகின்றது, தெரிந்தெடுக்கும் புத்திக்கு வேலை குறைகின்றது. மேலும், போட்டி மூன்று நாளில் முடிந்துவிட்டது. அங்கத்தவரோ அந்த மணலுடன் எழுபது ஆண்டுகள் வாழ்ந்தனர்.

இடையில் 2008ஆம் ஆண்டுத் தொழின்முறை ஆட்டக்காரர் வெற்றிக்கிண்ணப் போட்டிக்கு முன்னர், ஜோன்சின் மகனாகிய றீஸ் ஜோன்ஸ் களத்தை மீண்டுந் திருத்தினார். அதன் பின்னர் கில் ஹான்ஸ் என்பவர் பழைய படங்களை ஆராய்ந்து, 2021இல் முடிவுற்ற வேலையில் றொஸின் அமைப்பை மீட்டார். பாதைகள் அகன்றன, கிறீன்கள் பெருத்தன, மரங்கள் பல அகற்றப்பட்டன. ஐக்கிய அமெரிக்கப் பகிரங்கப் போட்டி 2034இலும், ஹோகன் வென்று சரியாக நூறாண்டு நிறையும் 2051இலும் அங்கே நடைபெறுமென அறிவிக்கப்பட்டிருக்கின்றது.