மண்ணைப் படித்த பிறகு வீட்டை வரையுங்கள்

ஜொகூரில் ஒரு தாமானில் இரண்டு வீடுகள். ஒரே வரைபடம், ஒரே செங்கல், ஒரே கூரை. ஒன்றின் முகப்பு வடக்கே, மற்றதன் முகப்பு மேற்கே. வெயில் அடித்த நாளில், இரவு எட்டு மணிக்கு மேற்கு பார்த்த வீட்டின் முன்னறைச் சுவரில் கை வைத்தால் இன்னும் சூடு இருக்கும். மற்ற வீட்டில் மின்விசிறியே போதும். ஏன்?

ஜொகூர் பாரு நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 1.5 பாகையில் இருக்கிறது. அதனால் இங்கே நண்பகல் சூரியன் எப்போதும் உச்சிக்கு அருகில்தான். ஜூனில் சற்று வடக்கே சாய்ந்து 68 பாகை உயரத்தில் நிற்கும். டிசம்பரில் தெற்கே சாய்ந்து 65 பாகையில் நிற்கும். கூரை சுவரைத் தாண்டி 1 மீட்டர் நீண்டிருந்தால், டிசம்பர் நண்பகலில் தெற்குச் சுவரில் 2.1 மீட்டர் வரை நிழல் இறங்கும். கணிப்பானில் டான் 65 போட்டுச் சரிபாருங்கள். மேற்குச் சுவரில் இந்தக் கணக்கு பலிக்காது. மார்ச் மாதத்தில் மாலை ஐந்தேகால் மணிக்குச் சூரியன் 30 பாகைக்கு இறங்கிவிடும். அப்போது அதே கூரை தரும் நிழல் 58 சென்டிமீட்டர்தான். மீதிச் சுவர் வெயிலைக் குடித்து, இரவில் வீட்டுக்குள் திருப்பிவிடுகிறது. ஆகவே மேற்கே சன்னலைக் குறைக்க வேண்டும், அல்லது ஒரு மரத்தை வளர விட வேண்டும். நிலத்தைச் சமன்படுத்தும்போது முதலில் வெட்டப்படுவதே அந்த மரம்தான்!

பழைய கம்பத்துத் தச்சர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். ஜொகூரில் ‘ரூமா லீமாஸ்’ எனப்படும் மலாய் மரவீட்டின் கூரை நான்கு பக்கமும் சரியும். நான்கு சுவருக்கும் நிழல் கிடைக்கும். மெல்லிய பலகைச் சுவர் வெப்பத்தை அதிகம் சேமிக்காது, பொழுது சாய்ந்ததும் ஆறிவிடும். வீடு தூண்களின் மேல் நிற்கும். தரையை ஒட்டிய காற்று புல்லிலும் புதரிலும் உரசி வேகம் இழக்கிறது. மேலே அதைவிட நன்றாக வீசும். தூண்களையும் மண்ணில் புதைப்பதில்லை, கல்லின் மேல் வைப்பார்கள். மண்ணின் ஈரம் மரத்துக்குள் ஏறாது.

தூண்களால் இன்னொரு பயனும் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று மழை கொண்டுவருகிறது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் அடுத்தடுத்து வந்த வெள்ளத்தில் கோத்தா திங்கி மூழ்கியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினர். அத்தகைய பெருவெள்ளத்தைத் தூண்கள் மட்டும் வென்றுவிடாது. சாதாரண மழை வெள்ளம் என்றால் வீட்டுக்கு அடியில் வந்து, வந்த வழியே போய்விடும். இன்று பலர் செய்வது வேறு: லோரி லோரியாக மண் கொட்டித் தங்கள் மனையை மட்டும் உயர்த்துகிறார்கள். தண்ணீர் மறைந்துவிடுமா? பக்கத்து வீட்டுக்குப் போகும். இதை வீடமைப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மேற்கு ஜொகூரின் கரிமண் நிலம் இன்னும் விசித்திரமானது. அது மட்கியும் மட்காமலும் கிடக்கும் தாவரங்களின் குவியல். வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் காற்றுப் பட்டு மட்கிச் சுருங்கும். அங்கே நடந்த அளவீடுகளில் நிலம் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்வது தெரியவந்தது. இருபது ஆண்டுகளில் 40 சென்டிமீட்டர், அதாவது இரண்டு படிக்கட்டு உயரம்! கடினமான அடிமண் வரை தூண் இறக்கிய வீடு அப்படியே நிற்கும், முற்றம் மட்டும் கீழே போய்க்கொண்டிருக்கும். மேலாக அடித்தளம் போட்ட வீடோ மண்ணோடு சாயும், விரிசல் விடும்.

சரிவான நிலம் என்றால்? ஜொகூரைத் தாண்டிச் சிலாங்கூரின் பாங்கிக்குப் போவோம். அங்கே ஒரு குன்றின் மேல் கட்டடக் கலைஞர் ஜிம்மி லிம் வடிவமைத்த சாலிஞ்சர் இல்லம் இருக்கிறது. குன்றை வெட்டித் தட்டையாக்காமல், உறுதியான செங்கால் மரத்தால் வீட்டைத் தூண்கள் மேல் நிறுத்தினார்கள். 1992-இல் முடிந்த இந்தக் குடும்ப வீட்டுக்கு 1998-இல் ஆகா கான் கட்டடக் கலை விருது கிடைத்தது. தூண்கள் ஊன்றும் இடங்களில் மட்டுமே வீடு மண்ணைத் தொடுகிறது. மழைநீர் பழைய வழியிலேயே இறங்குகிறது. வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

செங்கால் இன்று விலை உயர்ந்த மரம். எல்லாரும் அப்படிக் கட்ட முடியாது. கான்கிரீட் தூணிலும் இதே வேலையைச் செய்யலாம். நிழலுக்கும் சரிவுக்கும் கட்டுமானப் பொருள் எதுவானாலும் ஒன்றுதான்.

உங்கள் வீட்டை இந்த வாரம் சோதித்துப் பாருங்கள். வெயில் நாளில், மாலை ஆறு மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் நான்கு சுவர்களின் உட்பக்கத்தையும் தொட்டுப் பார்த்து எது சூடு என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த மழை விட்டதும் குடையோடு வெளியே போய், உங்கள் கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, யார் வீட்டு வாசலில் தேங்குகிறது என்று ஒரு படம் வரையுங்கள்.