கொரோனா மரணக் கணக்கு: திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில் உண்மை எண்ணிக்கை தெரிவது ஏன் கஷ்டம்? முழு விளக்கம்

கொரோனா காலத்தில் தினமும் மாலையானால் செல்போனில் அந்தப் பட்டியல் வந்துவிடும். எந்த மாவட்டத்தில் எத்தனை பேருக்குத் தொற்று, எத்தனை பேர் பலி என்ற விவரம் அதில் இருக்கும். 2021 மே 21 அன்று மட்டும் தமிழ்நாட்டில் 36,184 பேருக்குத் தொற்று உறுதியானது. ஆனால் இறந்தவர்கள் எல்லோரும் அந்தப் பட்டியலில் வந்தார்களா? இல்லை என்பதுதான் பதில்.

பட்டியலில் யார் சேர்ந்தார்கள்?

பரிசோதனையில் தொற்று உறுதியாகி இறந்தவர்கள் மட்டும்தான். வேடசந்தூர் பக்கம் நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒருவருக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட்டுக்குப் போனால் ஒருநாள் கூலி போச்சு. மெடிக்கலில் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு, வீட்டிலேயே இறந்துபோனால் அவர் கொரோனா கணக்கில் வரமாட்டார்.

பெரிய நகரத்திலும் விடுபட்டது

2020-ல் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடும் மாநில சுகாதாரத் துறையின் கணக்கும் ஒத்துப்போகவில்லை. அரசு அமைத்த குழு ஆய்வு செய்த பிறகு, விடுபட்ட 444 மரணங்கள் ஜூலை 22 அன்று சேர்க்கப்பட்டன. தலைநகரிலேயே இப்படி என்றால் மற்ற மாவட்டங்களில்?

ஊர் மாறும் பதிவு

திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரியில்தான். அதற்கு முன்பு, நிலைமை மோசமானால் பலருக்கும் வழி சுமார் 60 கி.மீ. தள்ளியிருக்கும் மதுரைதான். சட்டப்படி, மரணம் எங்கே நடக்கிறதோ அங்கேதான் பதிவாகும். நத்தத்துக்காரர் மதுரையில் இறந்தால் பதிவும் மதுரையில்தான். திண்டுக்கல் பதிவேட்டை மட்டும் புரட்டினால் உண்மை நிலவரம் தெரியாது. இறந்தவரின் சொந்த முகவரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்போ சரியான வழி என்ன?

காரணத்தை விட்டுவிட்டு, எல்லா மரணங்களையும் எண்ணுவது. உதாரணத்துக்கு, ஒரு ஊரில் வழக்கமாக மே மாதத்தில் 100 பேர் இறப்பார்கள். பெருந்தொற்று ஆண்டின் மே மாதத்தில் 180 பேர் என்றால், அந்த 80 'கூடுதல் மரணம்'. டெஸ்ட் எடுக்காதவரும் இதில் வந்துவிடுவார். ஆனால் ஆம்புலன்ஸ் கிடைக்காமல் மாரடைப்பில் இறந்தவரும் இதில் வருவார். மரணத்தைப் பதிவே செய்யாவிட்டால் இந்தக் கணக்கும் தப்பாகும்.

சென்னையில் இப்படி நடந்த ஆய்வு ஒன்று, 2020 மார்ச் முதல் 2021 ஜூன் வரை 25,990 கூடுதல் மரணங்கள் என மதிப்பிட்டது. அரசுக் கணக்கைவிட இது மிக அதிகம். ஏழைகள் அதிகம் வாழும் பகுதிகளே கூடுதலாகப் பாதிக்கப்பட்டதாகவும் அது கூறியது. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் இந்தியாவில் சுமார் 47 லட்சம் கூடுதல் மரணங்கள் என்றது உலக சுகாதார நிறுவனம். அரசுக் கணக்கு சுமார் 4.8 லட்சம். இந்த மதிப்பீட்டு முறையை மத்திய அரசு ஏற்கவில்லை.

குடும்பத்துக்கு என்ன பாதிப்பு?

உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து, கொரோனாவால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.50,000 நிவாரணம் அறிவிக்கப்பட்டது. தொற்று உறுதியான 30 நாட்களுக்குள் இறந்தால், வீட்டில் இறந்திருந்தாலும் கொரோனா மரணமாகவே கருதப்படும். சிக்கல் எங்கே என்றால், சாதாரண இறப்புச் சான்றிதழில் காரணம் இருக்காது. கையில் டெஸ்ட் ரிசல்ட்டோ மருத்துவமனை ஆவணமோ இல்லாத குடும்பம், காரணத்தை நிரூபிக்க அலைய வேண்டியதுதான்.

நீங்கள் செய்ய வேண்டியது

* மரணம் நடந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை.
* கிராமத்தில் வீட்டில் மரணம் நடந்தால் வி.ஏ.ஓ.விடம் சொல்லுங்கள்.
* மருத்துவமனையில் இறந்தால், இறப்புக்கான காரணச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். 2023 சட்டத் திருத்தப்படி அதை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும்.
* டெஸ்ட் ரிசல்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.