கரையைக் கடந்தது பாபட்லாவில்... மூழ்கியது எண்ணூர்!

‘புயல் எங்கே கரையைக் கடக்கும்?’ மழைக்காலம் வந்தாலே ராயபுரம் முதல் எண்ணூர் வரை எல்லோரும் கேட்கும் கேள்வி இது. ஆனால், இந்தக் கேள்வி மட்டும் போதாது என்று காட்டிவிட்டுப் போனது, மிக்ஜாம் புயல்.

2023 டிசம்பர் 5 அன்று ஆந்திராவின் பாபட்லா அருகே அது கரையைக் கடந்தது. ஆனால், அதற்கு முன்பே, 3, 4 தேதிகளில் சென்னை வெள்ளத்தில் மூழ்கிவிட்டது.

காரணம், சென்னைக்கு அருகே கடலில் புயல் மெதுவாக நகர்ந்ததுதான். வேகமாக நகரும் புயலின் மழை பல ஊர்களுக்குப் பிரிந்துவிடும். மெதுவாக நகர்ந்தால், ஒரே ஊரில் மணிக்கணக்கில் கொட்டும். புயல் கடல் மேலேயே இருந்ததால், ஈரப்பதத்துக்கும் குறைவில்லை. காற்று 1 டிகிரி செல்சியஸ் சூடானால், சுமார் 7 சதவிகிதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். வங்கக்கடல் சூடாகச் சூடாக, மழையும் கனக்கிறது.

வடசென்னைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பூண்டி ஏரியின் உபரிநீரைச் சுமந்துவரும் கொசஸ்தலை ஆறு, எண்ணூர் முகத்துவாரத்தில்தான் கடலில் கலக்கிறது. புயலால் கடல் மட்டம் உயர்ந்தால், ஆற்று நீர் வெளியேற முடியாமல் திணறும். மிக்ஜாம் வெள்ளத்தில் மணலி தொழிற்பகுதியின் எண்ணெயும் கலந்துவர, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் கறுப்பாகப் படிந்தது.

அடுத்த முறை புயல் எச்சரிக்கை வந்தால், காற்றின் வேகத்தோடு புயல் நகரும் வேகத்தையும் பாருங்கள். அது மணிக்கு 10 கி.மீ-க்கும் குறைவு என்றால், ‘ஆந்திராவுக்குத்தானே போகுது’ என்று இருந்துவிடாதீர்கள். ரேஷன் கார்டு, மருந்து, சான்றிதழ்களை முதலில் பரண் மேல் ஏற்றுங்கள்.