கொல்லிப் பாவையும் வேலி தாண்டிய எருமையும்

சங்கப் பாடலில் உவமையைக் கண்டுபிடிப்பது எளிது. அது எதற்காக வந்தது என்று சொல்வதில்தான் பலரும் தடுமாறுவார்கள். எருமப்பட்டிக்கு அருகே எழும் கொல்லிமலையே இதற்குச் சான்று. வல்வில் ஓரி ஆண்ட அம்மலையில் தெய்வம் அமைத்ததாகச் சொல்லப்படும் கொல்லிப் பாவை, புலவர்கள் விரும்பி எடுத்தாண்ட உவமை.

குறுந்தொகை 100-ஆம் பாடலில் கபிலர் தலைவியை அந்தப் பாவைக்கு ஒப்பிடுகிறார். அங்கே பேசப்படுவது அழகு. நற்றிணை 201-இல் பரணரும் அதே பாவையைத்தான் கொண்டுவருகிறார். ஆனால் காற்று அறைந்தாலும், மழை கொட்டினாலும், இடி விழுந்தாலும், நிலமே அதிர்ந்தாலும் உருக்குலையாத பாவை அது. அதுபோல அவளும் தன் நெஞ்சை விட்டுப் போகமாட்டாள் என்கிறான் தலைவன். உவமை ஒன்று, பொதுத்தன்மை வேறு. வினை, பயன், மெய், உரு எனத் தொல்காப்பியம் உவமையை நான்கு வகையாகச் சொல்வது இதற்காகத்தான். 'போல' என்ற உருபைக் கண்டதும் அடிக்கோடிட்டு நகர்ந்துவிடும் பள்ளிப் பழக்கம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

உருபு மறைந்தும் வரும்: மலரடி. சொற்களை மாற்றி அடிமலர் என்றால் அது உருவகம். அடி வேறு, மலர் வேறு என்ற எண்ணமே அங்கே இல்லை.

உள்ளுறை உவமத்தில் ஒப்பிடப்படும் ஆளே வெளியே தெரிவதில்லை. அகநானூறு 46-இல், அள்ளூர் நன்முல்லையார் பாட்டில், சேறான தொழுவத்தை வெறுத்த எருமை ஒன்று, ஊர் உறங்கும் இரவில் கயிற்றை அறுத்து, முள்வேலியைக் கொம்பால் தள்ளி, வயலில் இறங்குகிறது. மீன்கள் சிதறி ஓடுகின்றன. வள்ளைக் கொடியை உழப்பிவிட்டுத் தாமரையை மேய்கிறது. அத்தகைய ஊரின் தலைவனே என்று அவனை விளிக்கிறாள் தோழி. பரத்தையிடம் போய்வந்து வாசலில் நிற்பவன் அவன். எருமை அவனே, தாமரை பரத்தை என்பதைப் பாட்டு ஓரிடத்திலும் சொல்லவில்லை. கேட்பவர் கண்டுகொள்ள வேண்டும். நேரே திட்டியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

உள்ளுறை, நிலத்துக்குரிய விலங்கு, பறவை முதலான கருப்பொருளில்தான் பிறக்கும், அதிலும் தெய்வம் நீங்கலாக, என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. ஆகவே அகப்பாட்டில் ஒரு விலங்கோ பறவையோ இத்தனை விவரமாக நடமாடினால், அது யாருக்காக என்று கேட்டுப் படிக்க வேண்டும். பழகிப் பார்க்க, ஐங்குறுநூற்றின் மருதப் பகுதியில் ஓரம்போகியார் பாடிய எருமைப் பத்து இருக்கிறது. பத்தும் சிறு பாடல்கள்தான்.